வருகிறவர் பங்கு

தஞ்சாவூர்
18-1-1971

என் நீலாவுக்கு,

உன் சிங்காரவேலு எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். அக்கரைப்பேட்டையில் நீயும் உன் அண்ணன் தியாகு வீட்டாரும் சுகம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கீழவாசலில் கடை அமைந்துவிட்டது. இந்த ஊர்ச் சனம் கருவாட்டைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பதில்லை. மூக்கை மூடிக்கொண்டே விலை கேட்கிறார்கள். மூக்கை மூடினவனிடம் பேரம் சுலபம். நெத்திலியும் வாளையும்தான் ஓடுகிறது. சுறாவை அனுப்பாதே, பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் மட்டும்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்குத்தான் நாயாக அலைந்தேன். என்ன வியாபாரம் என்று கேட்பார்கள், கருவாடு என்பேன், சாவி மடிக்குள் போய்விடும். கடைசியில் இராஜாங்கம் என்று ஒருவர் சிக்கினார். நன்னிலம் பக்கத்து மிராசுதார் துரைராசு என்பவருக்குக் காரியஸ்தர். நில உச்சவரம்புச் சட்டம், கூலித் தகராறு, வரப்பில் சிவப்புக் கொடி என்று ஆனதும் மிராசுதார் பிள்ளைகளோடு மெட்ராஸுக்குப் போய்விட்டாராம். டவுன் வீடு பூட்டிக் கிடக்கிறது. "பூட்டிப் போட்டா கரையான் திங்கும். அதுக்கு நீரே இருந்துட்டுப் போம்" என்றார். இரண்டு கட்டு வீடு. எனக்கு ஒரு அறை போதும், மிச்சமெல்லாம் உனக்கு.

இங்கே எல்லாத் தெருவும் ஒரே மாதிரி வளைகிறது. பெரிய கோயில் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் கரை சேர்கிறேன். கடல் சத்தம் இல்லாமல் காது அடைத்தது போல இருக்கிறது. தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டு சேக் தாவூது பாய் மட்டும் விதிவிலக்கு. சோடாக் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் வீட்டம்மா லத்தீஃபா நம் ஊர்க் கருவாடு கேட்டு வாங்கினார்.

நீ பழக்கினதை விடவில்லை. வீட்டு ஆள் ஒருத்தர் வெளியே இருக்கும்போது சட்டியைச் சுரண்டக் கூடாது, வருகிறவர் பங்கு ஒரு கை இருக்க வேண்டும் என்பாயே. அங்கே கடலுக்குப் போனவனுக்கு வைப்பீர்கள். இங்கே வர வேண்டியவள் நீ. மதியம் பொங்கித் தின்றுவிட்டு உனக்கு ஒரு கை ஒதுக்கி மூடிவைத்துக் கடைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பூட்டு போட்டபடி இருக்கிறது. பூனை தின்னும், சட்டி கழுவுமா? கொல்லைப் பக்கம் எவனோ வருகிறான். பிடித்துவிடுவேன்.

சீக்கிரம் வா.

உன்
சிங்காரவேலு

*

அக்கரைப்பேட்டை
26-1-1971

மாமாவுக்கு நீலாயதாட்சி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. ரெண்டு கட்டு வீடு என்று எழுதினீர்கள், அதில் யார் பால் காய்ச்சினது என்று எழுதவில்லை. கட்சிக் கூட்டத்துக்குப் போய்ப் போய் உங்களுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் ஒன்றுமில்லாமல் போச்சு. வீட்டுக்காரி போய் அடுப்பு மூட்டாத வீட்டில் நீங்களாகப் பொங்கித் தின்பது ஒரு பொங்கலா?

பங்கு வைப்பது பற்றி விளையாட்டாக எழுதியிருக்கிறீர்கள். அது விளையாட்டில்லை மாமா. ஒருத்தருக்குப் பங்கு வைத்தால் இந்த வீடு உனக்காகத் திறந்திருக்கு என்று அவர் காதில் சொன்ன மாதிரி. அதனால்தான் எங்கள் அம்மா அடுத்தவர் வீட்டு அடுப்படியில் அதைச் செய்ய விடமாட்டாள். நான் பங்குனி வரைக்கும் வர முடியாது. இந்த வெயிலில்தான் மீன் காயும். உப்புக் குழியை ஆட்களை நம்பி விட்டால் உங்களுக்கு நாறின சரக்குதான் வரும், அப்புறம் என்னைத்தான் ஏசுவீர்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த ஊரை நினைத்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. யாரையும் தெரியாது. தண்ணீர்க் குழாயில் எப்படி முந்துவது என்றும் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள்.

என் பங்கைத் தின்னும் திருடனிடம் சொல்லுங்கள், நீலா வந்தால் அகப்பையால் அடிப்பாள் என்று.

இப்படிக்கு
நீலா

*

தஞ்சாவூர்
9-2-1971

என் நீலாவுக்கு,

குழாயடியை நினைத்து நீ பயப்பட வேண்டாம். கடற்கரையில் ஏலக்காரனையே வாயடைத்தவள் நீ.

திருடன் கதை கேள். எனக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் உன் பங்கின் மேல் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்தேன். தொடவில்லை. மறுநாள் வெறும் சோறு, கொஞ்சம் மோர். சுத்தமாகக் காலி. இன்னொரு நாள் சோற்றின் ஓரத்தில் ஒரே ஒரு கருவாட்டுத் துண்டு வைத்தேன். அந்த ஓரத்தை மட்டும் விட்டு மற்றதைச் சாப்பிட்டிருக்கிறது. கருவாட்டுக் குழம்பை விட்டுவிட்டு வெறும் சோறு தின்கிற திருடனை நான் பார்த்ததில்லை. ஆள் சைவம்.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறது. லத்தீஃபா அம்மாவிடம் உங்கள் வேலைக்காரியா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்ல ஏதுண்ணே கோலம்? உங்க வீட்டம்மாதான் போடுறாங்க. ரொம்ப அடக்கம். பேசவே மாட்டேங்கிறாங்க, சிரிச்சிட்டு உள்ள போயிடுறாங்க. எப்பப் பார்த்தாலும் இப்பதான் முகம் கழுவினாப்புல இருக்காங்க" என்றார். என் வீட்டம்மா நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் மீன் காயப்போடுகிறாள் என்றேன். நான் ஏதோ கேலி பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இதில் ஒரு அதிசயம். தெருக்காரர்கள் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டு வாத்தியார் நேற்று நிறுத்திச் சொன்னார்: "நீங்க கருவாடு விக்கிறீங்கன்னதும் சங்கடப்பட்டோம். உங்க சம்சாரத்தைப் பார்த்தா நல்ல குடும்பம்னு தெரியுது." நானும் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன். நம்மை மதிக்கிறவனிடம் போய், அய்யா நான் பார்க்காத பெண்பிள்ளைக்காக மதிக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா? வியாபாரத்துக்கு நல்லதுதானே.

எனக்கு மட்டும் ஒன்றும் கண்ணில் படவில்லை. கோலம் இருக்கும், போட்ட கை இருக்காது. கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அடுப்படி காலி. நான் அடுப்படிக்குப் போனால் கூடம் பெருக்கியிருக்கிறது. ஏழைப் பெண் ஒருத்தி ஒளிந்து குடியிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். துரத்த மனசில்லை.

உன்
சிங்காரவேலு

*

அக்கரைப்பேட்டை
17-2-1971

மாமாவுக்கு,

நீலாயதாட்சி எழுதுவது.

லாரி செல்லதுரை லோடு இறக்கிவிட்டு வந்தான். "அண்ணே வீட்ல ஒரு அம்மா இருக்காங்க அண்ணி. செம்புல தண்ணி கொடுத்தாங்க. சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். நாலு பேர் நடுவில் கேட்டான். ஆமாம், சின்னம்மா மகள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சரக்கில் புழு இருந்தால் நீங்கள் மறைக்க மாட்டீர்கள். புழு இருக்கு, விலையைக் குறைச்சுக்க என்று சொல்லி விற்கிற ஆள். அந்த ஆளிடம்தான் கேட்கிறேன். ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டீர்களா? நமக்குப் பிள்ளை இல்லை என்பதால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். திருடன், சைவம் என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம்.

பதில் வரும் வரைக்கும் நான் அங்கே வருவதாக இல்லை.

நீலா

*

தஞ்சாவூர்
2-3-1971

என் நீலாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் பிரித்தேன். அன்றைக்கு யாருக்கும் சரக்கு நிறுக்கவில்லை.

இல்லை. நான் யாரையும் சேர்க்கவில்லை. இது புழு இல்லாத சரக்கு.

உன் கடிதம் வந்த அன்றே இராஜாங்கத்தைப் பிடித்து உட்கார வைத்தேன். இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், சாவி இன்னும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். வேட்டி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்.

மிராசுதாருக்கு ஒரு மனைவி, பெயர் அமிர்தம். போன வருஷத்துக்கு முந்தின அறுப்பில் கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். துரைராசு வெளியூர் ஆட்களை இறக்கினார். கம்பும் அரிவாளுமாக இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. பெண்பிள்ளை இங்கே இருக்க வேண்டாம் என்று அந்த அம்மாவைக் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பினாராம். நீ போய் அடுப்பு மூட்டு, சாயங்காலம் நாங்கள் வந்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊருக்குள் நுழைகிறதற்கு முன்னால் வெண்ணாற்றுப் பாலத்தருகே முகம் கழுவ வேண்டும் என்று அந்த அம்மா இறங்கினார். டிரைவர் பீடி பற்றவைத்துத் திரும்பினான். படித்துறையில் ஆள் இல்லை.

"தேடினீங்களா?" என்றேன்.

"தேடாம என்ன. வலை போட்டோம். திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஆள் விட்டோம். ஆனா கேஸு, கோர்ட்டு, நிலத்தைப் பேர் மாத்துறது எல்லாம் அந்த நேரம் பார்த்து வந்துச்சு. நிலத்தைப் பார்க்கிறதா ஆளைத் தேடுறதா, நீரே சொல்லும்."

"அந்த அம்மாவுக்காக வீட்ல சோறு எடுத்து வைக்கலையா?"

"அதெல்லாம் உங்க கடலோரத்து வழக்கமய்யா. எங்களுக்கு ஏது" என்றார்.

நான் பயப்படவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. யாரும் வைக்காத பங்கை அவள் வந்து சேர வேண்டிய வீட்டிலேயே உட்கார்ந்து நான் வைத்திருக்கிறேன். உனக்கென்று வைத்தேன். உன்னைவிடப் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக்கொண்டாள்.

பகுத்தறிவு பேசுகிறவன் இப்படி எழுதுகிறானே என்று சிரிப்பாய். நானும் சிரித்துப் பார்த்தேன். அன்றைக்கே சட்டியைச் சுரண்டித் தின்றுவிட்டு நானே கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் கோலம் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் லத்தீஃபா அம்மா சோடாக் கம்பெனி வாசலிலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, வீட்ல ஏதும் சண்டையா? உங்க வீட்டம்மா காலையிலேருந்து வாசப்படிலயே நிக்கிறாங்க. கூப்பிட்டாலும் திரும்பல. தெருக்கோடியையே பார்த்துட்டு நிக்கிறாங்க. சாப்பிட்டாங்களா இல்லையா?"

நான் அந்த வாசற்படியைத் தாண்டித்தான் அப்போது வெளியே வந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். வெயில் மட்டும் இருந்தது.

உள்ளே போய் மறுபடி ஒரு கை எடுத்து வைத்தேன். என்னை ஏசு. பசியோடு ஒருத்தி நிற்கிறாள் என்று கேட்ட பிறகு எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ வந்துவிட்டால் எல்லாம் சரியாகும். நீ பால் காய்ச்சி, உன் கையால் பொங்கினால் அந்த அடுப்படி உன்னுடையது. வா நீலா. வியாபாரத்தை உத்தேசித்துக் கூப்பிடவில்லை.

உன்
சிங்காரவேலு

*

அக்கரைப்பேட்டை
15-3-1971

மாமாவுக்கு நீலா எழுதிக்கொண்டது.

நான் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன், மறைக்கவில்லை.

கீழவாசலில் இறங்கிச் சோடாக் கம்பெனி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் வயசுதான் இருக்கும். நீ யாரடி என்று மூஞ்சிக்கு நேரே கேட்க வந்தவள் நான். அவள் முந்திக்கொண்டாள். "யாரும்மா வேணும்?" என்றாள். உங்கள் பேரைச் சொன்னேன்.

"கடைக்குப் போயிருக்காங்க. உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

உட்கார்ந்தேன் மாமா. தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரை நான் வாயில் வைத்ததில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து அந்தச் சட்டியை எடுத்துவந்து, நீங்கள் ஒதுக்கி வைத்த ஒரு கை சோற்றையும் இலையில் எனக்கே போட்டாள்.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கென்ன, அவங்க தினம் வைக்கிறாங்க. வீடு தேடி வந்தவங்க நீங்க, சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். எனக்கென்று நீங்கள் வைத்த சோற்றை விருந்தாளியாக உட்கார்ந்து அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் என் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "வழியில எங்க வீட்டுக்காரங்க காரு வந்துச்சா? சாயங்காலம் வர்றேன்னாங்க" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். "வந்துடுவாங்க" என்றாள். அதை நான் எத்தனை பெண்கள் வாயில் கேட்டிருக்கிறேன். நம் கரையில் புயல் அடித்து ஓய்ந்த பிறகு மணலில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதே குரல்.

எழுந்து வந்துவிட்டேன். சண்டை போட முடியவில்லை. ஒருத்தி வீட்டில் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு அதே வீட்டில் நான் போய் எந்த உரிமையில் பால் காய்ச்சுவேன்? அது அவள் அடுப்படி. நீங்கள் கொடுத்தது, நான் ஒப்புக்கொண்டது.

கடைக்கு வந்து உங்களைப் பார்த்திருக்கலாம். பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நீங்களாக வர வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. இனி அது இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் காரியஸ்தரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள். கடை போனால் போகட்டும். நாகப்பட்டினத்தில் விற்று நாம் சாப்பிட்டதில்லையா? உங்களுக்குப் பங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீலா

*

தஞ்சாவூர்
29-3-1971

என் நீலாவுக்கு,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நீ சொன்னபடி செய்தேன். சட்டியைச் சுரண்டிக் கழுவினேன். அடுப்பை அணைத்தேன். வெறும் அடுப்படியைப் பார்த்து, அம்மா, இனிமேல் இங்கே யாரும் வைக்க மாட்டார்கள், நீங்களும் போய்விடுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். பூட்டிச் சாவியை இராஜாங்கத்திடம் கொடுத்தேன். பாயிடமும் லத்தீஃபா அம்மாவிடமும் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் என் பின்னால் பார்த்துச் சிரித்து, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். நான் கவனிக்காத மாதிரி நடந்தேன்.

நாகப்பட்டினம் பஸ். ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார், இரண்டு சீட்டுக் கிழித்தார். ஒன்று போதும் என்றேன். "அம்மாவுக்கு?" என்றார். எந்த அம்மா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "முன்னாடி ஜன்னலோரம் உக்காந்திருக்காங்களே. உங்களுக்கும் சேர்த்து இடம் பிடிச்சு வச்சிருக்காங்க. அவங்கதான் சொன்னாங்க, வீட்டுக்காரங்க பின்னால இருக்காங்கன்னு."

முன்னால் ஜன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பஸ்ஸில் அத்தனை கூட்டம், நிற்கிறவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

இரண்டு சீட்டும் வாங்கிக்கொண்டேன்.

நீடாமங்கலம் தாண்டியதும் அந்த இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவி திரும்பி என்னிடம் சொன்னாள்: "ஏம்ப்பா, உன் பொஞ்சாதிக்கு எவ்வளவு சந்தோஷம். எங்கம்மா போறேன்னு கேட்டேன். இத்தனை நாள் வீட்டுக்காரங்க வருவாங்கன்னு காத்துக் கிடந்தேன், இப்ப அவங்களே கூட்டிட்டுப் போறாங்கங்குது. மாமியா வீட்டுக்கா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உன்னிடம் கார் வந்ததா என்று கேட்டவள் இப்போது காரைக் கேட்கவில்லை.

திருவாரூரில் இறங்கிவிட்டேன். பஸ் போகிற வரைக்கும் நிழலில் நின்றேன். கண்டக்டர் முன்பக்கம் குனிந்து, பார்த்து இறங்குங்கம்மா என்று சொன்னது காதில் விழுந்தது. எதிர்ப்பக்கம் தஞ்சாவூர் பஸ் வந்தது. ஏறினேன். இந்தத் தடவை நானே இரண்டு சீட்டுக் கேட்டு வாங்கினேன்.

நீலா, நான் ஊருக்கு வந்தால் தனியாக வர மாட்டேன். நீ கதவைத் திறப்பாய். உன்னைப் பார்த்து அவள், உள்ளே வாங்க, வெயிலில் நிற்கிறீர்களே என்பாள். உன் அடுப்படியில். அதை நினைத்ததும்தான் இறங்கினேன். வீடு மாற்றலாம், வேறு ஊருக்குப் போகலாம் என்பாய். பஸ்ஸில் ஏறத் தெரிந்தவளுக்கு எந்த வீட்டுப் படி ஏறத் தெரியாது? பூசாரி, மந்திரம் என்று உன் அண்ணன் கிளம்புவான். வேண்டாம் என்று சொல். ஒரு வீட்டார் தேடாமல் விட்டவளை நானும் அடித்து விரட்டினேன் என்று இருக்க வேண்டாம். என் கையால் சோறு வைத்துக் கூப்பிட்டது நான்.

சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன். கடை நடக்கிறது. உப்புக் குழியும் காயப்போடும் இடமும் இனி உன் பேரில்தான். தியாகுவுக்கு எழுதியிருக்கிறேன், அவன் குறுக்கே வர மாட்டான். சரக்கு அனுப்பு. நான் விற்றுத் தருகிறேன். வாளையை நன்றாகக் காயவிட்டு அனுப்பு, போன லோடில் ஈரம் இருந்தது. எனக்குப் பங்கு வைக்காதே. வைத்தால் எனக்கு இங்கே தெரிகிறது, மதியம் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

செல்லதுரையிடம் ஒன்று சொல்லிவை. லோடு இறக்கும்போது வாசலில் அவன் யாரைப் பார்த்தாலும் உன்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நீயும் கேட்காதே.

சிங்காரவேலு